பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஒரு பவுண்டேஷன் தேவையா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இது. ஏழு பக்கம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

மகளுக்கு 17 வயது, லண்டன் ஏ/எல் (இங்கிலாந்து உயர்தரப் பரீட்சை) முதலாம் வருடம். உளவியல் படிக்க ஆசை. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் சிலவற்றுக்கும் இங்கிலாந்தில் ஒன்றிரண்டுக்கும் போட்டுப் பார்க்க நினைக்கிறார்கள்; உதவித்தொகை கிடைக்காவிட்டால் அனுப்ப வழியில்லை. 2023இல் மகளும் ஒரு தோழியும் சேர்ந்து கொட்டாஞ்சேனையில் ஒரு கோயில் அறநெறிப் பாடசாலைக்குப் பக்கத்து அறையில், ஓர் அலுமாரியும் இரண்டு பெட்டி பழைய புத்தகமுமாக வாசிப்பு வகுப்புத் தொடங்கினார்கள். சனிக்கிழமை தோறும் மூன்று மணித்தியாலம், இருபத்திரண்டு சின்னப் பிள்ளைகள். இது இன்னும் நடக்கிறது.

இதற்குள் ஒரு வெளிநாட்டுக் கல்வி முகவர் வந்து சேர்ந்திருக்கிறார். "இப்படி அலுமாரி வைத்து வாசிப்பதெல்லாம் எடுபடாது, பதிவுசெய்த பவுண்டேஷன், அதாவது ஒரு தொண்டு அமைப்பு, வேண்டும், பிள்ளை அதன் ஸ்தாபகத் தலைவராக இருக்க வேண்டும்" என்பது அவர் கட்சி. நான்கு லட்சம் ரூபாய்க்குப் பதிவு, லோகோ, இணையத்தளம், மலையகத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஒருநாள் கொப்பி விநியோகம், அதற்குப் புகைப்படக்காரர் எல்லாம் அடக்கம். கூடத் தொடங்கிய தோழியின் பெயரை விட்டுவிடவும் சொல்லியிருக்கிறார். முற்பணம் 50,000 கொடுத்தாயிற்று. ரொறன்ரோவில் இருக்கும் கணவரின் அண்ணாவும், அங்கே எல்லாப் பிள்ளைகளும் ஏதோ ஒன்றை நடத்துகிறார்கள் என்று சொல்லி 62,000 ரூபாய் அனுப்பியிருக்கிறார். அது தாயின் சொந்தக் கணக்கில் கிடக்கிறது.

இவை போக இன்னும் சில கவலைகள். பாடசாலை இன்டரக்ட் கழகத் (ரோட்டரியின் மாணவர் கழகம்) தலைவர் தேர்தலில் மகள் தோற்று, இப்போது செயலாளர். வாரத்துக்கு மூன்று மணித்தியாலத்தைப் பத்து என்று போடலாமா? கடைசியாக, கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில்: "வீட்டில் அம்மம்மாவைப் பார்ப்பதும் இவள்தான், அதனால் வேறு கழகங்களுக்குப் போக நேரமில்லை, இது பாதிக்குமா?"

சகோதரி, அந்த ஓரத்து வரிக்குப் பிறகு வருகிறேன். முதலில் பவுண்டேஷன். என் பதில்: வேண்டாம். மிச்சம் மூன்றரை லட்சத்தைக் கொடுக்காதீர்கள். முற்பணத்தை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், மின்னஞ்சலில் கேட்டால் நல்லது. தராவிட்டால் அந்த ஐம்பதாயிரத்தோடு போகட்டும் என்று விடுங்கள். ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

படிவத்தில் உள்ளது எத்தனை கட்டம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பல ஏற்கும் பொது விண்ணப்பமான கொமன் அப் படிவத்தில், பாடத்துக்கு வெளியே செய்தவற்றை எழுத 10 இடம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் பதவிக்கு 50 எழுத்து, அமைப்பின் பெயருக்கு 100, என்ன செய்தீர்கள் என்று சொல்ல 150, இடைவெளியும் சேர்த்து. வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், வருடத்துக்கு எத்தனை வாரம், எந்தெந்த வகுப்பில் படிக்கும்போது என்பதையும் கேட்பார்கள். அவ்வளவுதான். பதிவு இலக்கம் கேட்கும் கட்டம் கிடையாது, லோகோ ஏற்ற இடமும் கிடையாது. எம்ஐடி தனக்கென்று தனிப் படிவம் வைத்திருக்கிறது. அதில் நான்கே நான்கு செயற்பாடுகளுக்குத்தான் இடம்.

ஆக, உங்கள் மகள் "தொடங்கியவர்" என்று எழுதுவதற்கு எந்தக் காரியாலயத்தின் முத்திரையும் தேவையில்லை. தொடங்கினாளா? தொடங்கினாள். எழுதலாம். "பதிவு இல்லாமல் அப்படிச் சொன்னால் பொய்யாகிவிடாதா" என்று பயந்திருக்கிறீர்கள், உண்மையில் பொய்யாகப் போவது முகவர் சொல்லும் பக்கம்தான்.

வாசிப்பு வகுப்பில் மகள் புத்தக இரவல் பதியும் சீ.ஆர். கொப்பியின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள், அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். திகதி, பிள்ளையின் பெயர், புத்தகம், திரும்பி வந்த நாள், கடைசி நிரலில் குறிப்பு. "14ஆம் பக்கம் இல்லை, தம்பி கிழித்தது" என்று ஓரிடத்தில் இருக்கிறது. இன்னோரிடத்தில் ஒரு பையன் ஒரே யானைப் புத்தகத்தை ஆறு தரம் எடுத்துப் போயிருக்கிறான், பக்கத்தில் மகள் சிவப்புப் பேனையால் "வாசிக்கவில்லை, பாடமாக்கியிருக்கிறான், எழுத்து தெரியவில்லை" என்று எழுதி, அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவனைத் தனியாக இருத்தியிருக்கிறாள். அதற்கடுத்த மாதம் அப்படித் தனியாக இருத்திய பிள்ளைகள் ஏழு பேர். உளவியல் படிக்க விரும்பும் ஒரு பிள்ளை, பாடமாக்கலுக்கும் வாசிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைத் தானாகக் கண்டுபிடித்து அதற்கு ஏதோ செய்தும் இருக்கிறாள். இதைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் லோகோவுக்குக் காசு தேடுகிறீர்கள்!

150 எழுத்தில் என்ன போடலாம் என்றால், தோழியுடன் 2023இல் தொடங்கியது, 6 முதல் 11 வயது வரை 22 பிள்ளைகள், தமிழ் வாசிப்பு, புத்தக இரவல் பதிவேடு, எழுத்துக் கூட்டத் தடுமாறும் 7 பேருக்குத் தனி நேரம். ஆங்கிலத்தில் எழுதி எண்ணிப் பார்த்தேன், கொள்கிறது. யானைப் புத்தகப் பையனின் கதை 650 சொல் கட்டுரைக்குப் போகட்டும்.

இங்கிலாந்துப் பக்கம் கதையே வேறு. 2026 சேர்க்கையிலிருந்து அங்கத்தைய பொது விண்ணப்பமான யூகாஸ் படிவத்தில் பழைய ஒரே கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகள், மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்து. அதில் மூன்றாவதுதான் படிப்புக்கு வெளியே செய்தவை பற்றியது, அங்கேயும் பாடத்துக்கு அது எப்படி உதவும் என்றுதான் கேட்கிறார்கள். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டும் பார்ப்பது பாட அறிவை. தலைவர் பதவி அங்கே கணக்கில் பெரிதாக வராது. அவற்றுக்கு விண்ணப்ப முடிவு ஒக்டோபர் 15, பலர் ஜனவரி என்று நினைத்துக் கோட்டை விடுகிறார்கள்.

பதிந்தால் யார் தலையில் விழும்

நான் சட்டத்தரணி இல்லை, கையெழுத்துப் போடும் நிலை வந்தால் ஒருவரிடம் கேளுங்கள். ஆனாலும் இந்த அளவு தெரிந்துகொள்ளுங்கள். இலாப நோக்கற்ற ஓர் அமைப்பை 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் மட்டுப்படுத்தப்பட்ட கம்பனியாகப் பதியலாம், முகவர் சொல்வதும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் 18 வயது நிறையாத ஒருவர் கம்பனிப் பணிப்பாளராக முடியாது. அப்போது யார் பணிப்பாளர்? நீங்களும் கணவரும். வருடாந்த அறிக்கை, கணக்கு, வங்கிக் கடிதம் எல்லாம் உங்கள் பெயருக்கு வரும், மகள் விமானம் ஏறிய பிறகும் வரும். முகவர் அப்போது தொலைபேசி எடுக்க மாட்டார். படிவத்தில் மகள் "தலைவர்", கம்பனிப் பதிவாளரின் ஏட்டில் அம்மாவும் அப்பாவும். இதை யாராவது தேடிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒருதரம் யோசியுங்கள்.

பொதுமக்களிடம் காசு சேர்த்து ஏழைகளுக்கோ, நோயாளருக்கோ, அனர்த்தத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கோ உதவும் அமைப்புகளைப் பதிந்து மேற்பார்வை செய்யவென்றே 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. அதனால்தான் அந்த 62,000 எனக்கு உறுத்துகிறது. உங்களைச் சந்தேகப்படவில்லை, ஆனால் ஊருக்கென்று வந்த காசு வீட்டுக் கணக்கில் கிடக்கக் கூடாது. கோயில் பரிபாலன சபைக்குக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள், புத்தகமோ இரண்டாவது அலுமாரியோ அவர்கள் மூலமாக வாங்கட்டும், பற்றுச்சீட்டின் பிரதி ஒன்று ரொறன்ரோவுக்குப் போகட்டும். உங்களுக்கு ஒரு பவுண்டேஷன் செய்துதர வேண்டிய வேலையை அந்தச் சபை சும்மாவே செய்து தருகிறது.

மலையகக் கொப்பி விநியோகம் பற்றி ஒரு வார்த்தை. இந்த வகைப் படங்களை நிறையப் பார்த்துவிட்டேன். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கொப்பியை நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லி, நடுவில் கொழும்புப் பிள்ளை புது டீசேர்ட்டோடு நிற்கும், பின்னால் பனர். அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம் படம் எடுக்கலாமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும். சேர்க்கை அலுவலகத்தில் இருப்பவர்கள் இதை எத்தனை நாட்டிலிருந்து எத்தனை தரம் பார்த்திருப்பார்கள்!

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவன் ஒன்பது பதவிகளோடு என்னிடம் வந்தான், அதில் இரண்டு "ஸ்தாபகர்". பயிற்சி நேர்காணலில், உன் அமைப்பில் ஏதாவது ஒன்று பிழையாகிப்போன கதையைச் சொல் என்றேன். சொந்தமாக ஒன்றை நடத்தியவர்களுக்கு இது மிகச் சுலபமான கேள்வி, பிழையாகிப்போனவைதான் அதிகம் நினைவிருக்கும். அவன் திரும்பித் தாயைப் பார்த்தான். தாய் என்னைப் பார்த்தார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

கொஞ்சம் கூட்டிப் போட்டால் என்ன

மூன்றைப் பத்தாக்க வேண்டாம். விண்ணப்பத்தை அனுப்பும்போது இதில் உள்ளதெல்லாம் உண்மை என்று மகள் ஒப்பமிடுகிறாள். பொய் என்று தெரிந்தால் கிடைத்த இடத்தைப் பறிக்கலாம், படிக்கப் போனபிறகும் வெளியேற்றலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகம் ஒவ்வொரு வருடமும் எழுமாறாகச் சில விண்ணப்பதாரிகளைத் தெரிந்து, எழுதியதற்கு ஆதாரம் கேட்கிறது. இந்தப் பயமெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், வாரத்துக்கு மூன்று மணித்தியாலம், வருடத்துக்கு நாற்பது வாரம், மூன்று வருடம் என்பது குறைவா? சனிக்கிழமை டியூசனும் கலியாண வீடும் இருக்கும் இந்த ஊரில்?

2025 நவம்பரில் டித்வா புயல் வெள்ளத்தின்போது மகள் கொலன்னாவைக்கு மூன்று நாள் சாப்பாட்டுப் பொதி கட்டியதை "அனர்த்த நிவாரணப் பணிப்பாளர்" என்று போடச் சொன்னாராம் முகவர். மூன்று நாள் என்றால் மூன்று நாள். இன்டரக்ட் கழக வேலைக்குள் ஒரு சொல்லாக வந்தால் போதும், வராவிட்டாலும் பரவாயில்லை.

இந்த விளையாட்டு எங்கே போய் முடியும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2019இல் அமெரிக்காவை உலுக்கிய சேர்க்கை மோசடி வழக்கில் நடுநாயகம் ரிக் சிங்கர் என்ற ஆலோசகர். பெற்றோர் கொடுத்த லஞ்சக் காசை அவர் நன்கொடை என்று கணக்குக் காட்டி வாங்கியது எதன் மூலம் தெரியுமா? கீ வேர்ல்ட்வைட் பவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனத்தின் மூலம். 2023 ஜனவரியில் மூன்றரை வருடச் சிறை கிடைத்தது. உங்கள் முகவரை அவரோடு ஒப்பிடவில்லை, அவர் சாதாரண வியாபாரி. ஆனால் அந்த வழக்குக்குப் பிறகு "பவுண்டேஷன்" என்ற சொல் எல்லோரையும் மயக்கிவிடும் என்று நினைப்பது வீண்.

தோழியின் பெயரை விடச் சொன்னது எனக்குக் கோபம் வந்த இடம். அந்தப் பிள்ளை உள்நாட்டு ஏ/எல் எடுக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே கெம்பஸ் போவது ஏ/எல் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளியாலும் மாவட்டக் கணக்காலும், அவள் எத்தனை சனிக்கிழமை வந்தாலும் அதற்குள் ஒரு தசமம் கூடாது. அப்படியிருந்தும் வருகிறாள். "தோழியுடன் இணைந்து தொடங்கியது" என்று எழுதினால் மகளுக்கு எதுவும் குறையாது. பெயரை மறைத்துவிட்டு ஆசிரியர் எழுதும் பரிந்துரைக் கடிதத்தில் "இருவரும்" என்று வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

தேர்தலில் தோற்றதை விட்டுத்தள்ளுங்கள். கழகத்தில் கடிதம் எழுதுவதும் கூட்டக் குறிப்பு வைப்பதும் மண்டபத்துக்கு அலைவதும் செயலாளர்தான், எந்தக் கழகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

அம்மம்மா

இப்போது ஓரத்து வரி. அம்மம்மாவுக்கு நீரிழிவும் மறதியும் என்றும், நீங்கள் வேலையால் வர ஏழரை ஆகும் என்றும், மகள்தான் பின்னேரம் வந்து சீனி பார்த்து, இன்சுலின் ஏற்றி, சாப்பாடு கொடுத்து, அம்மம்மா தன்னை வேறு யாரோ என்று நினைத்துப் பேசும்போது அதற்கேற்பப் பேசிக்கொண்டு இருப்பாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உடனேயே, "இது வீட்டு விஷயம், வெளியில் சொல்ல மாட்டோம்" என்றும்.

கொமன் அப் படிவத்தில் செயற்பாட்டின் வகையைத் தெரிவுசெய்யும் பட்டியல் ஒன்று இருக்கிறது. விளையாட்டு, இசை, விவாதம் என்று போகும் அந்தப் பட்டியலிலேயே குடும்பப் பொறுப்புகள் என்றும் ஒரு வகை உண்டு. சம்பளத்துக்குச் செய்யும் வேலைக்கும் உண்டு. 2016இல் ஹார்வர்டின் கல்விப் பீடத்திலிருந்து வந்த ஓர் அறிக்கை, வீட்டில் தம்பி தங்கையையோ முதியவர்களையோ பார்க்கும் பிள்ளைகளின் உழைப்பையும் சமூக சேவைக்குச் சமமாக மதிக்க வேண்டும், நீண்ட பட்டியல்களைக் கேட்பதை விட வேண்டும் என்று சொன்னது, பல பல்கலைக்கழகங்களின் சேர்க்கை அதிகாரிகள் அதற்கு ஆதரவு தெரிவித்தார்கள். எல்லோரும் அப்படியே நடக்கிறார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், இருந்தாலும் எழுதாவிட்டால் அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. வாரத்தில் ஐந்து பின்னேரம், இரண்டரை மணித்தியாலம். அதைச் சொல்லாவிட்டால், இந்தப் பிள்ளைக்கு ஏன் மூன்றே செயற்பாடுகள் என்று வாசிப்பவர் யோசிப்பார். சொன்னால் கணக்குப் புரியும்.

நம் வீடுகளில் இந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். நோயைச் சொன்னால் வீட்டைப் பற்றிக் கதைப்பார்கள், பிள்ளையை வேலை வாங்குகிறார்கள் என்பார்கள். படிவத்தில் அம்மம்மாவின் பெயரோ நோயின் விவரமோ தேவையில்லை. "பாட்டியின் மாலை நேரப் பராமரிப்பு: மருந்து, உணவு" என்று சுருக்கமாகப் போகலாம். ஆனால் ஒன்று, மகளிடம் முதலில் கேளுங்கள். அது அவளுடைய விண்ணப்பம், அவளுடைய பின்னேரங்கள். கடிதம் முழுக்க முகவர் சொன்னார், அண்ணா சொன்னார், நீங்கள் நினைத்தீர்கள் என்று இருக்கிறதே தவிர மகள் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை.

உதவித்தொகை

தலைவர் பதவி இருந்தால் ஸ்கொலர்ஷிப் கிடைக்கும் என்ற நினைப்பைத் திருத்த வேண்டும். ஐவி லீக் என்று சொல்லப்படும் எட்டுப் பல்கலைக்கழகங்களும் திறமைக்கென்று உதவித்தொகை கொடுப்பதில்லை. கொடுப்பது குடும்பத்தின் வசதியைப் பார்த்துத்தான். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, அம்ஹர்ஸ்ட் மாதிரிச் சிலவற்றில் வெளிநாட்டுப் பிள்ளை காசு உதவி கேட்பது சேர்க்கை முடிவைப் பாதிக்காது. ஆனால் அவை எல்லாமே உலகத்திலேயே நுழையக் கடினமான இடங்கள். மற்ற இடங்களில் பெரும்பாலும், உதவி கேட்கும் வெளிநாட்டுப் பிள்ளைக்கு வாசல் இன்னும் ஒடுங்கும். இதைப் பதவியால் அகலமாக்க முடியாது. பெறுபேறு, எஸ்ஏடி என்ற அமெரிக்க அனுமதிப் பரீட்சை, ஆசிரியர் கடிதம், இடங்களைப் பார்த்துத் தெரிவுசெய்வது ஆகியவற்றில்தான் உங்கள் நேரம் போக வேண்டும். ஹார்வர்டும் எம்ஐடியும் எஸ்ஏடி மாதிரியான பரீட்சைப் புள்ளியைத் திரும்பவும் கேட்கத் தொடங்கிவிட்டன, அதற்குப் படிக்க மகளுக்கு நேரம் வேண்டும்.

முகவரிடம் போவதற்கு முன் கொழும்பு 3இல் இருக்கும் அமெரிக்க-இலங்கை புல்பிரைட் ஆணைக்குழுவுக்குப் போயிருக்கலாம். அங்கே அமெரிக்காவில் படிக்க விரும்புவோருக்கான எடியுகேஷன் யூஎஸ்ஏ ஆலோசனை நிலையம் இருக்கிறது, அடிப்படை ஆலோசனை இலவசம், எவரிடமும் கமிஷன் வாங்காதவர்கள். இப்போதும் பிந்தவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவளே பேசட்டும்.

வகுப்பைப் பெரிதாக்க வேண்டும் என்று ஆசை இருந்தால் பெயரைப் பெரிதாக்காமல் ஆளைச் சேருங்கள். மகள் போனபிறகு சனிக்கிழமை யார் கதவைத் திறப்பது? பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரை இப்போதே பக்கத்தில் இருத்திக் கொப்பி வைக்கும் முறையைப் பழக்கலாம், கோயில் சபையில் ஒரு பெரியவரைப் பொறுப்பாகக் கேட்கலாம். ஒரு வருடம் இருக்கிறது, தாராளம்.

இனி, பின்குறிப்பில் கேட்டது: அமைப்பின் பெயருக்குரிய இடத்தில் என்ன போடுவது, "குளோபல் லிட்டரசி இனிஷியேட்டிவ்" மாதிரி ஏதாவது கம்பீரமாக வைக்கலாமா என்று. பிள்ளைகள் அதை "அக்காட அலுமாரி" என்று கூப்பிடுகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதையே ஆங்கில எழுத்தில் போட்டு, பக்கத்தில் பொருளையும் கோயில் அறநெறிப் பாடசாலையின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். 100 எழுத்துக்குள் வரும்.